நாலாவது டிராக்

மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவு எடுத்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர், ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்குப் பின்னால் குட்டையாக நிற்கும். வெயில் ஏற ஏற அது புளித்து, அழுகி, செத்த எலியும் பழைய கஞ்சியும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம் வரும். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் போகிற பக்கம் அப்படி ஓர் ஆலை இருந்தது. அந்த ஆலையின் குடோனில்தான் நான் முதன்முதலாகச் சொந்தப் பொறுப்பில் ரிக்கார்டிங் செய்தேன். பிறகு எத்தனையோ ஏசி அறைகளில் உட்கார்ந்து பக்திப் பாட்டு, கட்சிப் பேச்சு, கல்யாண வீடியோவுக்குப் பின்னணி என்று என்னென்னவோ பதிவு செய்திருக்கிறேன். ஹெட்போனை மாட்டினால் இன்றைக்கும் முதலில் வருவது அந்த நாற்றம்தான். காதில் மாட்டுவது மூக்குக்கு எப்படிப் போகிறதோ தெரியவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். மைக் செட் கடையில் சேர்ந்து ஒயர் சுற்றக் கற்றேன். அங்கிருந்து மெட்ராஸில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய் அங்கேயும் ஒயர்தான் சுற்றினேன். மிஷினில் டேப் உரசிப் போகிற ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன். இன்ஜினியர்கள் டீ குடிக்கப் போனால் அவர்கள் எந்தக் குமிழை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வேன். தொட மாட்டேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பிளக்கைப் பிடுங்கினேனா, கதவைப் பூட்டினேனா, டேப்பின் நுனி மடங்கிவிட்டதோ என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிற ஜாதி நான். அந்தப் பயத்தாலேயே வேலையில் தப்பு கம்மி. ஆனால் பயந்தவனை யாரும் மேலே ஏற்ற மாட்டார்கள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊர் திரும்பி, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் மைக் செட் வாடகைக்கு விட ஆரம்பித்தேன்.

சேகோ முதலாளியின் மகன் என்னைத் தேடி வந்தது அப்போதுதான். பெங்களூரில் படிக்கப் போனவர், படிப்பை விட்டுவிட்டு எலெக்ட்ரிக் கிட்டாரோடு வந்திருந்தார். சிங்கப்பூர் சொந்தக்காரர் மூலமாக நாலு டிராக் டேப் மிஷின் ஒன்றும் வந்து இறங்கியிருந்தது. ராக் மியூசிக் என்றார். தமிழில் ராக் கேசட் போடப் போகிறோம், நீதான் சவுண்டு என்றார். அன்றிலிருந்து எனக்குப் பெயரே சவுண்டு ஆகிவிட்டது.

குழுவில் மூன்று பேர். கிட்டாரும் பாட்டும் முதலாளி மகன். பேஸ் கிட்டார் அவருடைய சித்தப்பா மகன், தலையாட்டுவதைத் தவிர எதிலும் அவசரம் இல்லாத பிள்ளை. டிரம்ஸ் வாசித்தவர் காலனிக்காரர். அவருடைய தெருவில் சாவுக்கு மேளம் அடிப்பது வழிவழியாக வந்த வேலை. ஊரில் சாவு விழுந்தால் ஆள் வரும், போயாக வேண்டும். கல்யாணக் கச்சேரிக் குழு ஒன்றில் டிரம்ஸ் கற்றுக்கொண்ட பிறகு இவர் சாவுக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். அதற்காக ஊர்க்காரர்களிடமும் வீட்டிலும் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. மெட்ராஸில் எனக்குத் தெரிந்த ஒரு டிரம்மரிடம் இவரைப் பற்றிச் சொன்னேன். "பேரு போட்ட கேசட் ஒண்ணு அனுப்பு. கேட்டுட்டு ஸ்டுடியோவுல சேத்துவுடறேன்" என்றார் அவர். ஆகவே மற்ற இருவருக்கும் விளையாட்டாக இருந்த கேசட், இவருக்குச் சாவு மேளத்திலிருந்து வெளியேறுகிற ஒரே கதவு. நான் பதற்றத்தோடு வேலை செய்தது அந்தக் கதவுக்காகத்தான் என்று சொன்னால் பாதி உண்மை. நானும் அதே கதவு வழியாகப் போய்விடலாம் என்று பார்த்தேன்.

குடோனில் எதிரொலி அதிகம். டிரம்ஸைச் சுற்றி மாவு மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கினோம். அவர் காலால் பெரிய டிரம்மை மிதிக்கும்போதெல்லாம் மூட்டைகளிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பும். பாட்டு முடியும்போது புருவம், மீசை எல்லாம் வெளுத்து உட்கார்ந்திருப்பார். "அண்ணா, இன்னும் ரெண்டு பாட்டு அடிச்சா என்னியே ஜவ்வரிசி ஆக்கிடுவாங்க" என்பார். எனக்குக் கவலை, மாவு மிஷினுக்குள் போய்விடுமே என்று. ஒவ்வொரு பாட்டுக்கும் ஹெட்டைத் துடைப்பேன்.

நாலு டிராக் என்றால், ஒரே டேப்பில் நாலு சத்தத்தைத் தனித்தனியாகப் பிடித்து வைக்கலாம். ஒன்றைத் தொடாமல் இன்னொன்றை அழிக்கலாம், திரும்ப எடுக்கலாம். டிரம்ஸுக்கு இரண்டு, கிட்டார்களுக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று என்று பிரித்திருந்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் முதலாளி மகனுக்குத் தன் குரலைக் கேட்டுத் திருப்தி வரவில்லை.

"சவுண்டு, வெளிநாட்டு கேசட்ல குரலு எவ்ளோ கனமா இருக்குது. நம்முது இன்னா, சொரக்காக் கொடி மாதிரி ஒல்லியா வருது?"

"ஒரே பாட்டை ரெண்டு மூணு வாட்டி பாடி ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா கனம் வரும்ங்க. ஆனா டிராக்கு காலியில்ல."

"காலி பண்ணு."

"டிரம்ஸயும் கிட்டாரயும் ஒண்ணா கலந்து நாலாவது டிராக்குல இறக்கிட்டா மீதி மூணும் காலியாவும். ஆனா அப்பறம் பிரிக்கவே முடியாதுங்க. மாவுல தண்ணி ஊத்துன மாதிரி."

அவர் கிட்டாரைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "எதுக்குய்யா பிரிக்கணும்? நாங்கள்லாம் ஒண்ணு. இதுல நீ வேற, நான் வேறன்னு இன்னா இருக்குது?"

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து டிரம்மர் எட்டிப் பார்த்தார். "மூணு பேரா பாடுறீங்க. மூணுல ஒருத்தராவது சுருதிக்கு வந்துட மாட்டாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி மகன்தான் அதிகமாகச் சிரித்தார். நான் சொன்னபடி கலந்து இறக்கினேன். எல்லாப் பாட்டுக்கும் அப்படியே. டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் நாலாவது டிராக்கில். மற்ற மூன்றிலும் அவர் குரல், அவர் குரல், அவர் குரல்.

கேசட்டின் அட்டைக்குக் கோமுகி அணையில் போய் போட்டோ எடுத்தார்கள். கட்டை மதில் மேல் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டிரம்மர் நடுவில். உயரமானவர் நடுவில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று போட்டோகிராபர் சொன்னதால் அப்படி.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மும்முரமானது அந்தச் சமயத்தில்தான். கோரிக்கையைப் பற்றி எனக்கு அன்றும் குறை இல்லை, இன்றும் இல்லை. எங்கள் ஆட்களுக்காகக் கேட்டதுதான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்கள் கிடையாது, நானும் பாதியில் வந்தவன். உடம்பு தேறிய அப்பா, முதலாளியிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்து வேலையைப் போட்டுவிட்டுச் சாலை மறியலில் போய் உட்கார்ந்தார். போலீஸ் அடியும் வாங்கி வந்தார். அது வேறு. அந்தக் கோரிக்கையின் முதுகில் ஏறிக்கொண்டு வந்தவை வேறு. சாலை ஓரத்துப் புளியமரங்களை அறுத்து ரோட்டில் சாய்த்தார்கள். அறுக்க ரம்பமும் ஆள் ஏற்ற லாரியும் சேகோ ஆலையிலிருந்து போயின. மறியல் சர்க்கார் மேல் உள்ள கோபம் என்றால், பக்கத்து ஊர்களில் காலனிக் கூரைகள் ஏன் எரிந்தன? நான் யாரிடமும் கேட்கவில்லை. கூட்டங்களுக்கு மைக் செட் கட்டினேன். கட்ட மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

டிரம்மர் குடோனுக்கு வருவது நின்றது. காலனியிலிருந்து யாரும் வெளியே வரமுடியாத நிலை.

ஒருநாள் மத்தியானம் முதலாளி குடோனுக்கு வந்தார். கேசட் அட்டையின் மாதிரிப் பிரதி அவர் கையில் இருந்தது. கூட்டத்திலிருந்து நேராக வந்ததால் வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. ஆலையின் நாற்றம் அவருக்கு மட்டும் தெரியாது. குட்டைப் பக்கத்து ஜன்னலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுச் சௌகரியமாக உட்கார்ந்தார்.

"யோவ் சவுண்டு, நடுவுல யாரு இது?"

"நம்ம டிரம்மருங்க."

"அது எனக்குத் தெரியாதா? நடுவுல ஏன் உக்காந்துகினு இருக்கான்னு கேக்கறேன்."

"ஓரத்துல வெச்சி வேற எடுத்துடலாமுங்களா?" என்றேன். இப்படிப் பேசித்தான் நான் பிழைத்தேன்.

"ஓரத்துலயும் வேணாம். நம்ம ஆளுங்க எவன் வாங்குவான்? வாங்கி மூஞ்சில அடிப்பான். அவன் அடிச்சதையும் டேப்புல இருந்து எடுத்துடு. அவன் கை பட்டது வேணாம். நம்ம பையன் எவனாவது அடிக்கட்டும்."

எடுக்க முடியாது என்று விளக்கினேன். டிரம்ஸை அழித்தால் கிட்டாரும் போய்விடும், இரண்டும் ஒரே டிராக் என்றேன். அவர் மகன் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா சொல்றான் இவன்?"

"ஆமாம்ப்பா. சேந்துபோச்சி."

"யாரு சேக்கச் சொன்னது?"

மகன் கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தார். பேஸ் வாசிக்கிற பிள்ளை வழக்கம்போலத் தலையாட்டினான். பிறகு மகன்தான் பேசினார். அப்படி ஒன்றை முதலாளியிடமிருந்துதான் எதிர்பார்த்தேன், அதனால் அது இன்னும் காதில் இருக்கிறது. "அடி அப்பிடியே இருக்கட்டும்ப்பா. நல்லாத்தான் இருக்குது. பேர மட்டும் மாத்திக்கலாம். நம்ம தம்பி பேரயே இதுக்கும் போட்டுக்கலாம். சத்தத்துல ஜாதி தெரியவா போவுது?"

முதலாளிக்கு அது பிடித்துப்போயிற்று. மகன் தோளைத் தட்டினார். தொட்டால் தீட்டாயிருந்த டிரம்மரின் கை ஒரு நொடியில் இவர்கள் வீட்டுப் பிள்ளையின் கை ஆகிவிட்டது. இதற்கு அப்பாவின் வெறியே மேல் என்று எனக்குத் தோன்றியது. வெளியே வந்து குட்டை ஓரமாக நின்றேன்.  

டிரம்மரிடம் எப்படிச் சொல்வது என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். சொல்லாமலே விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. கேசட் கடைகளுக்கு வந்த பிறகு, அட்டையைப் பார்த்து அவராகத் தெரிந்துகொள்வதை நினைத்தேன். அதற்கு இது தேவலாம் என்று சைக்கிளை எடுத்தேன்.

காலனிக்குப் பிரிகிற இடத்தில் பெரிய புளியமரம் ஒன்று ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதன் மேல் பையன்கள் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரது, எங்க போற?"

"டேய், மைக் செட்டுடா. நேத்து மீட்டிங்குக்கு செட்டு கட்டினவரு. வுடு."

"அந்தப் பக்கம் இன்னாண்ணா வேல?"

"ஒயரு ஒண்ணு குடுத்து வெச்சிருந்தேன். வாங்கியாரணும்."

"ஒயரு வாங்கப் போயி ஷாக் அடிச்சிடப் போவுது, பாத்து" என்றான் ஒருவன். சிரித்துக்கொண்டே இரண்டு பேர் என் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். ஒருவன் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். எங்கள் ஆட்கள்தான், நல்ல பிள்ளைகள்தான். அந்தக் கை என்னைப் பிடித்த இடத்தைப் போகும் வழியெல்லாம் வேட்டியில் துடைத்துக்கொண்டே போனேன்.

டிரம்மர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, டவுனில் வேர்க்கடலை என்கிற மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தார். கூரை மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நனைத்து வைத்திருந்தார்கள். ஓலை நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நடந்ததைச் சொன்னேன். பெயரை மாற்றிப் போடலாம் என்று சொன்னது அப்பா இல்லை, மகன் என்பதையும் சொன்னேன்.

"கைய மட்டும் வெச்சிக்கினு ஆள வேணாம்றானா?" என்றார். அதுவரை அவர் முதலாளி மகனை 'அவரு' என்றுதான் சொல்வார். "சாவு மோளத்துக்காவது, யாரு அடிக்கறான்னு ஊருக்குத் தெரியும்ணா."

"மெட்ராஸ்காரரு கிட்ட நான் சொல்லிப் பாக்கறேன்."

"இன்னான்னு சொல்லுவ? கேசட்டுல வேற பேரு இருக்குது, ஆனா அடிச்சது இவன்தான்னா? எவன் நம்புவான்?" ஒரு மல்லாட்டையை என் கையில் வைத்தார். "டேப்பு எங்க இருக்குது?"

"குடோன்ல. சாவி எங்கிட்டதான்."

மறுநாள் முதலாளியும் மகனும் தாலுகா ஆபீஸ் முன்னால் ஆர்ப்பாட்டத்துக்குப் போயிருந்தார்கள். டிரம்மர் ரோட்டைத் தொடாமல், மலை ஓரமாக மரவள்ளிக் கொல்லைகளுக்குள் புகுந்து குடோனுக்கு வந்தார். காலெல்லாம் முள். "ஒரு வாட்டி போடு" என்றார். போட்டேன். மாவு மூட்டை மேல் உட்கார்ந்து முதல் பாட்டை முழுதும் கேட்டார். இரண்டாவது பாட்டில் ஒரு இடம் வரும், கிட்டார் தடுமாறி விழப் போகும்போது டிரம்ஸ் பிடித்து நிறுத்தும். அந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். நாற்றத்துக்கு மூக்கைக்கூடப் பொத்தவில்லை.

"நல்லா எடுத்திருக்கண்ணா. அழிச்சிடு."

டேப்பை நிறுத்தினேன். "அழிச்சா ஒனக்கும் இல்லாம பூடும். வேற எங்கியும் இல்ல இது. இது ஒண்ணுதான்."

"இப்ப மட்டும் எனக்கு இருக்குதா?"

 முதலாளி போலீஸில் சொல்வார், கடையை உடைப்பார், அப்பாவின் குத்தகையைப் பிடுங்குவார் என்று வரிசையாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. கதவைத் தாழ் போட்டேனா என்று எழுந்து போய்ப் பார்த்தேன். திரும்பி வந்தும் சந்தேகம், இன்னொரு தரம் போனேன். அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு உட்கார்ந்து, நாலாவது டிராக்கை மட்டும் ரிக்கார்டுக்குத் திருப்பி, அதற்கு எந்தச் சத்தமும் போகாதபடி எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, டேப்பை ஓட விட்டேன்.

டேப்பை அழிப்பது தாளைக் கிழிப்பது போல இல்லை. பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் அது ஓடியாக வேண்டும். சத்தத்தின் அளவு காட்டுகிற முட்களில் நாலாவது டிராக்கின் முள் கீழே படுத்துக் கிடந்தது. மற்ற மூன்றும் ஆடின. ஹெட்போனில் எனக்கு முதலாளி மகனின் குரல்கள் மட்டும் கேட்டன. டிரம்மருக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் அவர் விரல்களால் தொடையில் வாசித்துக்கொண்டே இருந்தார். குரல் பாட வேண்டிய இடத்தில் பாடியது, விரல் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பாட்டு முடிந்தபோது நான் நிமிர்ந்து பார்க்கிறேன், விரல்களும் முடித்திருந்தன. ஒவ்வொரு பாட்டுக்கும் அப்படித்தான்.

எல்லாம் ஆனதும் எழுந்து, பின்னால் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு, வந்த வழியே கொல்லைக்குள் போனார். டிரம்ஸ் குச்சிகளைக்கூட எடுக்கவில்லை. அவை முதலாளி வாங்கிக் கொடுத்தவை. ரோடுகள் திறந்ததும் லாரி ஏறி பெங்களூர் போய்விட்டார். அங்கே ஒரு ஓட்டலில் வாசிக்கிறார் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். சாவுக்கு அடிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. பெயர் போட்ட கேசட் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. நானும் கடைகளில் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டேப்பை அழித்த அடுத்த வாரம், ரோடுகள் இன்னும் திறக்காதபோதே, முதலாளி ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு குடோனுக்கு வந்தார். மகனுடைய பாட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார். முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.  போட்டேன்.

பக்க வாத்தியம் எதுவுமில்லாமல் மூன்று குரல்கள் கிளம்பின. ஒன்று முந்திப் போயிற்று, ஒன்று பிந்தி வந்தது, மூன்றாவது எங்கே சேர்வது என்று தெரியாமல் நடுவில் முனகியது. 'ஏ ஏ' என்று ஓர் இடம் வரும். கிட்டாரோடு கேட்டால் எடுப்பாக இருக்கும். வெறுமையாகக் கேட்கும்போது மாட்டை விரட்டுகிற மாதிரி இருந்தது. வந்தவர்களில் ஒருவர் தோள் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"இன்னாய்யா இது? இதுல எது எம்பையன்?"

"மூணும் உங்க பையன்தாங்க."

மகன் ஓடிவந்து குமிழ்களை எல்லாம் திருப்பினார். நாலாவது டிராக்கை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். ஸ்பீக்கரில் சீ என்று வெறும் காற்றுச் சத்தம் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

முதலாளிதான் முந்திக்கொண்டார். வந்தவர்கள் முன்னால் விஷயம் சிறுத்துப்போகாமல் இருக்க வேண்டுமே. "அழிஞ்சி பூட்டா இன்னா, திரும்ப எடுத்தாப் போச்சி. சவுண்டு, நீ போய் அந்தக் காலனிப் பையனக் கூட்டியா. மறுபடி வந்து அடிச்சிட்டுப் போவட்டும்."

"பேரு போடுவீங்களா?" என்றேன். என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே சந்தேகம்.

"மொதல்ல அடிக்கட்டும். பேர அப்பறம் பாத்துக்கலாம். போய்யா, சைக்கிள எடு."

சாவியைக் கழற்றி மிஷின் மேல் வைத்தேன். ஹெட்டைத் துடைக்கிற துணியை மடித்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

"ரோட்டுல மரம் கெடக்குதுங்க" என்றேன். "போவ முடியாது."